ரோமாபுரிக்கு முன்பே கொடுமணல்

கொங்கு மேடைகளில் கொடுமணல் என்ற பேரை எடுத்தால் அடுத்த மூச்சிலேயே ரோமாபுரி வந்துவிடுகிறது. பள்ளி ஆண்டு மலர், வட்டார வரலாற்றுக் கருத்தரங்கு, ஏற்றுமதியாளர் கூட்டத்து வரவேற்புரை, கல்யாண மண்டபத்தில் நடக்கும் புத்தக வெளியீடு என்று எங்கே போனாலும் வாசகம் மாறுவதில்லை. கொடுமணல் ரோமானியருக்கு மணி செய்து கொடுத்த ஊர், அந்தக் காலத்துத் திருப்பூர். கோபிசெட்டிபாளையத்தில் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. இப்போது பிள்ளைகளும் பேச்சுப் போட்டியில் இதையே ஒப்பிக்கிறார்கள், பரிசும் வாங்குகிறார்கள்.

அந்தக் கதையை முழுதாகச் சொன்னால் இப்படி வரும். முசிறியில் கப்பலை விட்டு இறங்கிய யவனன் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்தான். நொய்யல் கரையோரம் பச்சைக்கல் கிடைப்பதைக் கண்டான். பொன்னைக் கொட்டினான். அந்தப் பொன்னுக்காக ஒரு ஊர் முளைத்தது, தழைத்தது. பிறகு ரோமாபுரி நொடித்தது, வாங்க ஆள் இல்லை, ஊரும் மண்ணுக்குள் போய்விட்டது.

தொடக்கமும் நடுவும் முடிவும் கச்சிதமாக அமைந்த கதை. அந்த ஊரின் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தவற்றோடு ஒட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கோபியிலிருந்து குன்னத்தூர், ஊத்துக்குளி வழியாகத் தெற்கே இறங்கினால் நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. இடிந்த கோட்டையையும் உடைந்த தூணையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். உழுத காடு, முள்வேலி, ஊருக்குச் சற்றுத் தள்ளிக் கல்வட்டங்கள், நடுநடுவே ஒன்றிரண்டு நெடுங்கல். அவ்வளவே. இந்த ஊரை ஆய்வாளர் கண்ணில் படவைத்தவர்களில் ஈரோட்டுப் புலவர் செ. இராசு முக்கியமானவர். 1985லிருந்து தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே பல பருவங்கள் அகழாய்வு செய்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு தோண்டியது. அதன்பின் மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளும் வந்தன. நாற்பது ஆண்டுகளாகத் தோண்டிய இடம் இது. ஆனால் மேடைப் பேச்சு, தோண்டத் தொடங்குவதற்கு முன்பிருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். ராஜன் குழு எடுத்த கரி மாதிரிகளில் ஐந்து, வெளிநாட்டு ஆய்வகத்தில் காலக்கணிப்புக்குப் போயின. வந்த விடைகள் கி.மு. 200 தொடங்கி கி.மு. 408 வரை. மேலே இருந்த மாதிரிக்குப் பிந்திய காலம், கீழே இருந்ததற்கு முந்திய காலம் என்று அடுக்கு குலையாமல் வந்தன. கி.மு. 408 என்று வந்த மட்டத்துக்கும் கீழே மக்கள் புழங்கிய மண் இருந்தது. ஆக, ஊர் அதைவிடவும் பழையது.

ரோமாபுரி எகிப்தைப் பிடித்தது கி.மு. 30இல். செங்கடல் துறைமுகங்கள் அதன் கைக்கு வந்து, பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் கப்பல்கள் கூட்டமாகப் புறப்பட்டது அதற்குப் பிறகுதான். மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அதற்கு முன் துணிந்து போனவை மிகச் சில என்றும் அவரே சொல்கிறார். அதாவது அந்தப் பெருவணிகம் தொடங்கும்போது கொடுமணலுக்குக் குறைந்தது 375 வயது.

கி.மு. 408இல் ரோமாபுரி என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். அவர்களுடைய மரபுவழிக் கணக்குப்படி, வெயி என்ற பக்கத்து ஊரை அவர்கள் முற்றுகையிட்டதே கி.மு. 406இல்தான். அதைப் பிடிக்கப் பத்தாண்டு ஆனது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர், ஏறக்குறைய கோபிக்கும் கவுந்தப்பாடிக்கும் உள்ள தூரம். கவுந்தப்பாடி அளவு தொலைவைத் தாண்ட முடியாமல் பத்தாண்டு மல்லுக்கட்டிய ஊர்தான், அதே காலத்தில் நொய்யல் கரையில் நமக்கு ஒரு நகரத்தை உண்டாக்கிக் கொடுத்ததாம்.

இதைச் சொன்னால் மறுதரப்பு ஒரு படி இறங்கி வரும். ஊர் பழையதாக இருக்கலாம், ஆனால் அது சாதாரணக் குடியிருப்பாகக் கிடந்தது; மணித் தொழில் ரோமானியர் வந்த பிறகுதான் என்பார்கள். இந்த வாதம் கொஞ்சம் கௌரவமானது. ஆகவே கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

கொடுமணலில் மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. பட்டறையே கிடைத்திருக்கிறது. மூலக்கல், தட்டி எடுத்த சில்லுகள், உருட்டத் தொடங்கிய துண்டு, தேய்த்து மழமழப்பாக்கிய உருண்டை, துளை போடும்போது இரண்டாகப் பிளந்து தூக்கி எறிந்த மணி என்று வேலையின் எல்லாக் கட்டங்களும் மண்ணில் கிடந்தன. ஒரு கல்மணிக்குத் துளை போடுவது லேசான காரியமில்லை. ஒரு முனையிலிருந்து பாதிவரை துளைத்து, திருப்பிப் பிடித்து, மறுமுனையிலிருந்து துளைத்து, இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். கை அரை மயிரிழை சாய்ந்தாலும் துளைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும், அல்லது கல் தெறிக்கும். படிகத்தின் கடினம் 7. பச்சைக்கல் என்று நாம் சொல்லும் பெரில் ஏழரையிலிருந்து எட்டு. நீலக்கல் 9, அதாவது வைரத்துக்கு அடுத்த படி. இவற்றையெல்லாம் துளைக்கும் கைகள் ஒரு தலைமுறையில் உருவாவதில்லை. யவனன் பணப்பையைத் திறந்த அன்றே மூன்று கடினக் கற்களிலும் தேர்ந்த கைவினைஞர் நொய்யல் கரையில் தயாராக நின்றார்கள் என்றால், அதற்கு முன் பல தலைமுறை அவர்கள் யாருக்காகத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்?

விடை அந்தக் கல்வட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது. இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பதுக்கைகள் அவை. அவற்றில் வாளும் அம்பு முனையும் கறுப்பு சிவப்புப் பானைகளும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கற்கள் பதித்த செப்புப் புலி ஒன்றும் கிடைத்தது. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளம் கொங்கு மண்ணில் விளையும் கல் அன்று. அது குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. வெளியூரிலிருந்து விலை கொடுத்து வாங்கிய இரண்டாயிரம் மணியை, விற்றுக் காசாக்காமல், தங்கள் வீட்டுச் சாவில் மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். ஏற்றுமதிக்காக மட்டுமே பிறந்த ஊர் இப்படிச் செய்யுமா? சரக்கின் முதல் வாடிக்கையாளர் அந்த ஊர்க்காரரும் சுற்றுவட்டார மக்களுமே. அணிந்துகொள்ளத் தெரிந்தவர்கள்தான் பிறகு அணிவித்துப் பார்த்து விற்கவும் கற்றார்கள்.

இதற்கு ரோமானியரே சாட்சி என்றால் நம்புவீர்களா? கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினியை நம் மேடைப் பேச்சாளர்கள் ஓயாமல் இழுக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று அவர் புலம்பிய இடம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே நூலில் பெரில் கல்லைப் பற்றி அவர் எழுதிய பகுதியை யாரும் புரட்டுவதில்லை. நல்ல பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அரிது என்று அவர் சொல்வது உண்மை. அதற்கு மேலும் சொல்கிறார். இந்தியர்களுக்கு நீளவாட்டான பெரில் என்றால் கொள்ளை ஆசை. பொன்னில் பதிக்காமலே அணியத் தகுந்த கல் அது ஒன்றுதான் என்பது அவர்கள் கொள்கை. அதனால் துளையிட்டு யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள் என்கிறார். யானை முடி! ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்துக்காக மட்டும் பச்சைக்கல் துளைக்கப்பட்டது என்று இனியும் சொல்ல வேண்டுமானால், பிளினியின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதே பிளினி இன்னொரு சேதியும் தருகிறார். படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்யவும் இந்தியர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அவருக்கு மனத்தாங்கல். அதைச் செய்தவர் கொடுமணல்காரரா என்று தெரியாது. குற்றம் சாட்டவும் நான் விரும்பவில்லை. ஆனால் வாங்குகிறவன் கண்ணில் மண்ணைத் தூவும் அளவுக்கு விற்கிறவன் கை ஓங்கியிருந்த சந்தை அது என்பது மட்டும் தெளிவு.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரில் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில், நீலக்கல் சிவன்மலைப் பக்கத்தில், படிகம் அரசம்பாளையம், வெங்கமேட்டில், இரும்புக் கனிமம் சென்னிமலையில். எல்லாம் மாட்டுவண்டி தூரம். இந்த நான்கும் சுற்றிலும் அமைந்த நடு இடத்தில், ஆற்றங்கரையில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க யவனன் யோசனை சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "அந்தக் காலத்துல வெள்ளைக்காரனுங்க வந்து கல்லுத் தோண்டி எடுத்துட்டுப் போனாங்களாமுங்க" என்றார். ரோமானியரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் கிணறு வெட்டி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரில் கற்களை எடுத்தது பதிவான செய்தி. ஊர் நினைவில் இருக்கும் வெள்ளைக்காரன் அவராகவே இருக்கலாம். இருநூறு ஆண்டுக்கு முந்தியவரையும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியவரையும் ஒரே ஆளாகப் பிசைந்து கொடுத்தது ஊர்க்காரர்களா, மேடைகளா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரும்பை மறந்துவிட்டு மணியை மட்டும் பேசுவதும் இந்த ரோமாபுரி மயக்கத்தின் விளைவே. கொடுமணலில் உலைகள் கிடைத்திருக்கின்றன. உலையும் மூசைகளும் கசடும் சேர்ந்து உருக்குத் தயாரித்த இடம் அது என்று காட்டுகின்றன. நூல் நூற்ற தக்களிகள் கிடைத்தன. சங்கு அறுத்து வளை செய்திருக்கிறார்கள். சங்கு கடலிலிருந்து வரவேண்டும். கடல் பல நாள் வழி. யாருக்காக இந்த வளை? ரோமாபுரிப் பெண்கள் சங்கு வளைக்கு ஏங்கினார்கள் என்று இதுவரை எந்தப் பேச்சாளரும் சொல்லவில்லை. கொஞ்சம் இடம் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

வணிகத் தொடர்பு முதலில் எந்தத் திசையில் நீண்டது என்பதற்கும் அந்த மண்ணே சாட்சி. குஜராத்திலிருந்து சூதுபவளம், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து லேப்பிஸ் லசூலி. இரண்டும் வடக்கே இருந்து தரைவழியாகக் கைமாறிக் கைமாறி வந்தவை. பானை ஓடுகளில் கீறிய தமிழி எழுத்துகள் நூற்றுக்கணக்கில் இங்கே கிடைத்தன. சுட்ட பானையின் தோள்பட்டையில் கூர்முனையால் பெயரைக் கீறியிருக்கிறார்கள்; கோடு விழுந்த இடத்தில் மேல்பூச்சு பெயர்ந்து உள்மண் தெரியும். கண்ணன் ஆதன் என்று ஒருவர். சம்பன் சுமணன் என்று இன்னொருவர்; இந்தப் பெயரில் வடபுலத்துப் பிராகிருத வாடை அடிக்கிறது. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லும் ஒரு ஓட்டில் உண்டு. இங்கே கணக்கு வைத்தவர்கள், குழு அமைத்தவர்கள், பானைக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் இந்தப் பெயர்க்காரர்கள். லத்தீனில் பெயரெழுதிய கொடுமணல்காரர் யாரும் இல்லை.

நம்மைவிடக் கெட்டிக்காரர்களும் இந்த மயக்கத்தில் விழுந்திருக்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் செய்த அரெட்டைன் பானை ஓடுகள் கிடைத்ததும், கிழக்குக் கடற்கரையில் ரோமானியரோடு பிறந்த வணிக நிலையம் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த ஓட்டை வைத்து மற்றவற்றுக்கெல்லாம் காலம் குறித்தார். பெரிய ஆள் சொன்னதால் பாடநூலெல்லாம் அதையே எழுதின. 1989க்கும் 1992க்கும் இடையில் விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கே.வி. ராமனும் மறுபடி தோண்டினார்கள். அரெட்டைன் பானை வருவதற்கு நெடுநாள் முன்பே அங்கே ஊர் இருந்தது, அது உள்ளூர்க்காரர் ஊர், கைத்தொழிலும் கடல் வணிகமும் அவர்களுடையவை, ரோமானியர் பின்னால் வந்து சேர்ந்த வாடிக்கையாளர்கள் என்று தெரிந்தது. அரிக்கமேட்டில் திருத்திய தப்பை நொய்யல் கரையில் மறுபடி செய்துகொண்டிருக்கிறோம், அதுவும் பெருமையாக.

காசு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பின் கடைசி அம்பு அதுதான். கொங்கு நாடு போல ரோமானியக் காசுப் புதையல் செறிந்த இடம் இந்தியாவில் குறைவு. பொள்ளாச்சியில் 1800இல், கரூரில் 1806இல், வெள்ளலூரில் 1842இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். கொடுமணலுக்குப் பக்கத்துக் கத்தாங்கண்ணியிலும் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. ரோமானியர் வாங்கினார்கள், நிறைய வாங்கினார்கள், வெள்ளியும் பொன்னுமாகக் கொடுத்தார்கள். முசிறித் துறையில் ஏற்றுமதியாகும் சரக்குகளில் பலவகை ஒளிக்கற்களைப் பெரிப்ளூஸ் நூல் குறிக்கிறது. அவற்றில் கொங்குக் கல் இருந்திருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து அச்சு. அதாவது ஊர் பிறந்து நானூறு ஆண்டுக்குப் பிந்திய வாடிக்கையாளரின் ரசீதுகள் அவை. இன்னொன்று, அந்தக் காசுகளை நம்மவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது. 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த பொற்காசுப் புதையலில் பெரும்பாலான காசுகளில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தடம் இருக்கிறது. உலோகம் உள்ளே சுத்தமா என்று பார்ப்பதற்கு வெட்டினார்களோ, மறுபடி காசாகப் புழங்காமல் இருப்பதற்கு வெட்டினார்களோ, எப்படியானாலும் சீசர் மூஞ்சிக்கு இங்கே கிடைத்த மரியாதை அவ்வளவுதான். எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸையும் இதே மூச்சில் காட்டுவார்கள். ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கு, எழுபது லட்சம் செஸ்டர்ஸ் அளவு மதிப்பு, கடன் ஒப்பந்தம், எல்லாம் உண்மை. அது இரண்டாம் நூற்றாண்டு ஆவணம் என்பதும், அதில் எஞ்சியிருக்கும் வரிகளில் தெளிவாகத் தெரிவது கங்கைச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் என்பதும் மட்டும் மேடையில் விட்டுப்போகும்.

வணிகத்தில் நம் ஆட்கள் கரையில் கைகட்டிக் காத்திருந்தவர்களும் இல்லை. ஸ்ட்ராபோ சொன்ன அந்த மியோஸ் ஹோர்மோஸ், இன்றைய குசேர் அல்-கதிம். அங்கே கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழியில் கீறிய ஓடுகள் கிடைத்தன. தெற்கே பெரனிகே துறையில் ஒரு கோயிலுக்குள் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. எகிப்துப் பாலைவனத்தில் தன் பானையில் தன் பெயரைத் தன் எழுத்தில் கீறி வைத்த சாத்தனை, ஏற்றுமதிக்கு ஆர்டர் கிடைக்காதா என்று ஏங்கி நின்றவனாக எப்படிக் கற்பனை செய்வது?

ஊர் அழிந்த கதைக்கு வருவோம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் ரோமப் பேரரசு தள்ளாடியது. கொடுமணலும் ஏறக்குறைய அதே காலத்தில் அடங்கியது. காலம் ஒத்துப்போவதால் காரணமும் அதுவே என்கிறார்கள். ஒத்துப்போகும் தேதியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால், அந்த நூற்றாண்டில் செத்த ஒவ்வொரு ஊருக்கும் ரோமாபுரியைத்தான் கொலையாளி என்று சொல்ல வேண்டிவரும். அதைவிடப் பெரிய தடை கரூரில் இருக்கிறது. அமராவதி ஆற்றுப் படுகையில் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நாலு, ஐந்தாம் நூற்றாண்டு அச்சு. கொடுமணல் அடங்கிய பிறகும் ரோமானியக் காசு கொங்குக்கு வந்துகொண்டே இருந்தது. வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதே கடை மூடியிருக்கிறது என்றால், மூடிய காரணத்தைக் கடைக்குள்தான் தேட வேண்டும். கல் அருகியதா, ஆட்சி மாறியதா, கைவினைஞர் கரூருக்கே குடிபெயர்ந்தார்களா என்பதெல்லாம் இனி விசாரிக்க வேண்டியவை. ரோமாபுரி என்று ஒற்றைச் சொல் சொன்னதும் விசாரணையை மூடிவிடுகிறோம்.

ரோமாபுரி போதாதென்று இன்னொரு கூட்டம் பைபிளுக்கே போய்விடுகிறது. சாலமோன் ராஜாவுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கப்பலில் பொன்னும் தந்தமும் குரங்கும் மயிலும் வந்ததாக இராஜாக்கள் ஆகமம் சொல்கிறது அல்லவா, அந்த மயில் நம்முடையது, அந்தப் பொன் வந்த ஓபீர் தமிழ்க் கரை, ஆகவே கூட வந்த ரத்தினமும் கொங்குக் கல் என்று ஒரு சங்கிலி. சாலமோனின் காலம் என்று மரபாகச் சொல்வது கி.மு. பத்தாம் நூற்றாண்டு. கொடுமணலில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய காலக்கணிப்பு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு ஆண்டுப் பள்ளம். அதை ஒரு மயிலை வைத்துத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தைப் பைபிள் நாட்டிலேயே ஆடிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. எரிகோ அதற்கு நல்ல பாடம். எக்காளம் ஊதியதும் மதில் விழுந்ததாக யோசுவாவின் புத்தகம் சொல்லும் ஊர். 1930களில் ஜான் கார்ஸ்டாங் அங்கே தோண்டி, விழுந்து கிடந்த ஒரு மதிலைக் கண்டு, யோசுவா தள்ளிய மதில் இதுதான் என்று அறிவித்தார். உலகமே கொண்டாடியது. 1952லிருந்து 1958 வரை கேத்லீன் கெனியன் அதே மேட்டை மட்டம் மட்டமாக இறக்கிப் பார்த்தார். கார்ஸ்டாங் காட்டிய மதில் அவர் குறித்த காலத்துக்கு ஆயிரம் ஆண்டுபோல முந்தியது. யோசுவா வந்ததாகச் சொல்லும் காலத்தில் அங்கே விழுவதற்குப் பெரிய மதிலே இல்லை. மெகிதோவிலும் இதே கதைதான். சாலமோனின் குதிரை லாயம் என்று பெயர் வைத்த கட்டடங்களைப் பிறகு யிகல் யாதீன் ஆகாப் மன்னன் காலத்துக்குத் தள்ளினார். ஆனால் கெனியனின் தோண்டலில் வேறொன்று கிடைத்தது. எரிகோவின் அடிமட்டத்தில், யோசுவாவுக்கும் மோசேக்கும் பல ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கற்கோபுரம், சுண்ணச் சாந்தால் முகம் பூசிய மண்டையோடுகள். பைபிளில் ஒரு வரியும் பேசாத எரிகோ, பைபிள் பேசும் எரிகோவைவிடப் பெரிய அதிசயமாக வெளிவந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தோண்டியதால் வந்த லாபம் அது.

இந்த இடத்தில் என்னை ஒருவர் மடக்கலாம். நாம் மட்டும் என்ன, பதிற்றுப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே கொடுமணலுக்குப் போனோம்? உண்மைதான். கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய பாட்டுகளில் கொடுமணம் என்ற ஊர் வருகிறது. அந்த ஊரே இந்தக் கொடுமணல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள், நானும் ஏற்கிறேன். பெயர் ஒற்றுமைக்காக மட்டும் ஏற்கவில்லை. பாட்டு அந்த ஊரின் அணிகலன்களைப் புகழ்கிறது, மண்ணிலிருந்து அணிகலன் செய்த பட்டறை வந்திருக்கிறது. நாளைக்கு வேறொரு கொடுமணலில் இதைவிடப் பெரிய பட்டறை கிடைத்தால் நான் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார். ரோமாபுரிக்காரர்களிடம் அப்படி ஒரு நிபந்தனையை எழுதி வாங்க முடியுமா? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரிசில்கிழார் அந்த அணிகலன்களில் புகழ்வது வேலைப்பாட்டை. வாங்குகிறவன் யார் என்று அவர் கவலைப்படவே இல்லை. சேரன் அதைப் பெற்றான், கொடுத்தான், அதுவே அவருக்குப் போதும்.

அப்படியானால் இந்தக் கதை ஏன் சாகமாட்டேன் என்கிறது? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நம் வட்டாரம் கடந்த நாற்பது ஆண்டில் பனியன் ஏற்றுமதியால் மாறிப்போன வட்டாரம். வெளிநாட்டான் வாங்கினால்தான் சரக்குக்கு மதிப்பு என்பது கண்ணெதிரே நடந்த பாடம். அதைத் தூக்கி இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போட்டுப் பார்க்கிறோம். "அந்தக் காலத்துத் திருப்பூர்" என்று சொன்னால் கேட்பவருக்கும் இதம், சொல்பவருக்கும் நன்கொடை. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் கல்வெட்டோடு இருக்கும் இராசகேசரிப் பெருவழியைக்கூட ரோமானியர் சாலை என்று சிலர் அழைக்கிறார்கள். சோழ மன்னன் பெயரைப் பாறையிலேயே வெட்டி வைத்தும் பயனில்லை.

திருப்பூர் ஒப்புமையை முழுதாக எடுப்பதானால் கொடுமணலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையையும் சேர்த்து எடுக்க வேண்டும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த அணை அது. சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறி, அந்த நீரே வேண்டாம் என்று விவசாயிகள் வழக்குக்குப் போனார்கள். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிவந்தது. திருப்பூரில் துணியின் நிறம், அளவு, விலை எல்லாம் வாங்குகிறவன் சொல்படி. கழிவு மட்டும் நமக்கு. கொடுமணலில் கல்லைத் தேர்ந்தெடுத்தவனும் துளைத்தவனும் முதலில் அணிந்தவனும் உள்ளூர்க்காரன். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது கொடுமணலுக்குச் செய்யும் அவமரியாதை.

கொடுமணலில் தகவல் பலகை, பாடநூலில் ஒரு பத்தி, மாவட்ட மலரில் ஒரு பக்கம், எதுவானாலும் எழுதுகிறவர்கள் முதல் வரியில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைப் போடட்டும். இரண்டாம் வரியில் படியூர், சிவன்மலை, சென்னிமலை. மூன்றாம் வரியில் கண்ணன் ஆதனும் சம்பன் சுமணனும். பிளினி நாலாம் வரியில் தாராளமாக வரலாம், யானை முடிச் சேதியோடு.